வரவேற்றவர்களைத் திட்டுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளைக் கிறிஸ்தவ சபைகள் வளைத்துப் பிடிக்கின்றன, பெற்றோர் விழித்துக்கொள்ள வேண்டும் என்று அன்பர் ஒருவர் எழுதிய கடிதத்தை உங்கள் பத்திரிகையில் வாசித்தேன். அவருடைய கவலையில் பாதி எனக்கும் உண்டு. மற்றப் பாதியோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டையும் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் போதாமல் வெட்டுவதென்றால் எதையும் வெட்டுங்கள், நாவலரைப் பற்றிச் சொல்லும் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

நான் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. சைவக் குடும்பம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குக் கதவு திறந்தால் குளிர்த்தி முடியும்வரை எங்கள் வீட்டுச் சட்டியில் மீன் வாசம் வராது. ஆனால் நான் படித்தது மிஷன் பாடசாலையில். காலையில் எல்லோரோடும் நின்று 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' சொல்லியிருக்கிறேன். இப்போது எழுப்பிக் கேட்டாலும் தடக்காமல் சொல்வேன். நெற்றியில் திருநீறோடு போனேன், திருநீறோடுதான் வீட்டுக்கு வந்தேன். யாரும் அழிக்கச் சொன்னதில்லை.

என் மகள் இங்கிலாந்தில், லண்டனுக்கு வடக்கே உள்ள ஒரு நகரத்தில் முதுகலை படிக்கிறாள். அவள் போகும் நாள் நெருங்கிய சமயத்தில் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே சொன்னது இன்னும் ஞாபகம்: "புள்ளையக் கவனமாப் பாத்துக்க கா, வேதத்துல சேத்துப்போடுவானுகள்." எங்கள் பக்கத்தில் வேதம் என்றால் கிறிஸ்தவம். குளிரைப் பற்றியோ, வாடகையைப் பற்றியோ, தனிமையைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்கு எழுதிய அன்பரும் சொல்லவில்லை.

இந்தப் பிள்ளைகள் எப்படிப் போய்ச் சேருகிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். 2022 இல் நாடு பொருளாதாரத்தில் விழுந்ததற்குப் பிறகு, படித்த பிள்ளை உள்ள வீடுகளில் வெளிநாட்டுக் கதை அடிபடாத வீடு குறைவு. காணியை ஈடுவைக்கிறார்கள், நகையை அடைவுவைக்கிறார்கள். பிரித்தானிய மாணவர் விசாவுக்குக் கட்டணத்தின் மிச்சமும் அங்கே சாப்பிட்டு இருக்கத் தேவையான காசும் தொடர்ந்து 28 நாள் வங்கியில் அசையாமல் கிடக்க வேண்டும். அந்த 28 நாளும் வீட்டில் யாருக்கும் காய்ச்சல்கூட வரக்கூடாது என்று நேர்த்தி வைக்காத குறைதான். அந்த நாட்டு மருத்துவ சேவைக்கென்று தனியாக வருடத்துக்கு 776 பவுண் கட்ட வேண்டும். பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. 2024 ஜனவரியிலிருந்து, ஆய்வு மாணவர்கள் போன்ற சிலரைத் தவிர, முதுகலைக்குப் போகிறவர்கள் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ கூட்டிப்போகவும் முடியாது. ஆகத் தனியாகத்தான் போய் இறங்குகிறார்கள். வீட்டுக் கடன் முழுவதையும் தலையில் சுமந்துகொண்டு.

அங்கே வரவேற்க யார் இருக்கிறார்கள்? காசு வாங்கிப் பதிந்த ஏஜென்சிக்காரர், விமானம் ஏறிய நாளோடு போன் எடுப்பதை விட்டுவிட்டார். லண்டனில் எனக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இருக்கிறான். நல்லவன். "ஒரு நாளைக்கு வா மகள்" என்று சொன்னான். அந்த ஒரு நாள் தைப்பொங்கலுக்குத்தான் வந்தது. அவனைக் குறை சொல்லவும் முடியாது, இரண்டு வேலை செய்கிறான், ரயில் டிக்கெட்டும் கொள்ளை விலை.

அவள் எடுத்த அறை, ஒருவரையொருவர் தெரியாத ஆறு பேர் இருக்கும் வீட்டில். குசினி அலுமாரிகளுக்குப் பூட்டு. குளிர்காலம் தொடங்க நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அங்கே இரவு பத்து மணி என்றால் இங்கே விடியப்புறம் மூன்றரை. அந்த நேரத்துக்கு வட்ஸ்அப்பில் எடுப்பாள், ஒன்றும் கதைக்க மாட்டாள். நான் இங்கே தேயிலைக்குத் தண்ணீர் வைப்பேன், அவள் அங்கே படுத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "பக்கத்து அறைக் கதவு சாத்துற சத்தம் மட்டும்தான் கேக்குதும்மா" என்று ஒருநாள் சொன்னாள். இந்த ஒரு வசனத்தைக் கேட்ட தாய்க்கு, யார் வந்து அந்தக் கதவைத் தட்டினாலும் நன்றிதான் வரும்.

தட்டியவர்கள் அந்த ஊர்ச் சபைக்காரர்கள்.

புது மாணவர் வாரத்தில் வளாகத்தில் மேசை போட்டு ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்திருக்கிறார்கள். மகள் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். நான் விரலால் பெரிதாக்கி வரிவரியாக வாசித்தேன், முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கண் அப்படித்தான் வாசிக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் சர்வதேச மாணவருக்குச் சாப்பாடு, காசில்லை. நடத்துகிற சபைகளின் பெயர்கள் கீழே தெளிவாக அச்சாகியிருந்தன. அதற்கும் கீழே ஒரு வரி: சாப்பிட்டபிறகு விரும்புகிறவர்கள் வேதாகமம் வாசிக்கலாம், மற்றவர்கள் விளையாடலாம். அந்தக் கடைசி வரியை வாசித்தபிறகுதான் "சரி, போ" என்றேன்.

அங்கே நடந்ததையெல்லாம் அவள் எனக்குக் கதைகதையாகச் சொல்வாள். நீளமான மண்டபம், மடிக்கும் மேசைகள். குழைந்துபோன சோறு, உறைப்பே இல்லாத கடலைக் கறி. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால் மரக்கறியா, ஹலாலா என்று எழுதி வைத்திருப்பார்களாம். இரண்டாவது முறை இவள் நான் கட்டிக்கொடுத்த மாசிச் சம்பல் போத்தலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். ஒரு சீனப் பையன் கரண்டி நிறைய அள்ளி வாயில் போட்டுவிட்டு, தண்ணீர்க் குழாயடிக்கு ஓடினானாம். அன்றிலிருந்து அந்த மேசைக்கு இவள் பெயர் தெரியும்.

அங்கே வருகிற ஒரு வயதான தம்பதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகளின் அறையில் சுவரோடு பொருத்தியிருக்கும் சூடேற்றி, கீழே கொதிக்கும், மேலே பச்சைத் தண்ணீராய்க் கிடக்கும். வீட்டுக்காரனுக்குச் செய்தி அனுப்பி அனுப்பிக் களைத்துவிட்டாள். இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது அந்தப் பெரியவர், உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று சொல்லி, அடுத்த வாரம் சின்னப் பித்தளைச் சாவி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். முதலில் சூட்டை நிறுத்த வேண்டும், பிறகு மேல் ஓரத்தில் இருக்கும் சதுர ஆணியில் சாவியை மாட்டி மெல்லத் திருப்ப வேண்டும், 'ஸ்ஸ்' என்று காற்று போகும், தண்ணீர் துளிர்த்தவுடன் இறுக்கிவிட வேண்டும், கீழே ஒரு பழந்துணி பிடித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் ஒரு கடதாசியில் படம் கீறிக் காட்டினாராம். மகள் அன்றிரவு தன் அறையையும், மறுநாள் அந்த வீட்டில் இருந்த மற்ற அறைகளையும் சரிசெய்துவிட்டாள். பக்கத்து அறைக் கதவு திறந்தது அந்தச் சாவியால்தான். பக்கத்து அறையில் இருந்தது நைஜீரியாப் பிள்ளையாம். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து சமைக்கிறார்கள்.

வேதாகம வாசிப்புக்கும் ஒருநாள் இருந்து பார்த்திருக்கிறாள். லூக்கா 15, சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்பி வரும் இளைய மகன் கதை. எல்லோரும் தகப்பனின் அன்பைப் பற்றிச் சொல்ல, இவள் மட்டும் மூத்தவன் பக்கம் நின்று வாதாடியிருக்கிறாள். வீட்டோடு இருந்து வயலைப் பார்த்தவனுக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூட அறுக்கவில்லை, அவன் கோபப்பட்டதில் என்ன பிழை என்று. அவளுக்கு ஒரு அண்ணன் இருக்கிறான், எங்களோடு இருந்து எங்கள் வயலைப் பார்க்கிறான். இதைக் கேட்டு நான் கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சபைக்காரருக்கு உள்நோக்கம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நோக்கம் இருக்கிறது. அதற்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறும் இருக்கிறது. 1909 இல் நியூயோர்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக நூலகப் படியில் ஹரி எட்மண்ட்ஸ் என்பவர் எதிரே வந்த சீன மாணவனுக்கு 'காலை வணக்கம்' சொன்னார். அவர் வை.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் வேலை பார்த்தவர். அந்த மாணவன் நின்று, நான் நியூயோர்க் வந்து மூன்று வாரமாகிறது, என்னோடு பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்றானாம். எட்மண்ட்ஸும் மனைவியும் வெளிநாட்டு மாணவர்களை ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு அழைக்கத் தொடங்கினார்கள். அது வளர்ந்து, ரொக்பெல்லர் கொடுத்த காசில் 1924 இல் பல நாட்டு மாணவர்கள் சேர்ந்து தங்கும் சர்வதேச இல்லமாக எழுந்தது. மதம் மாற்றுவது அந்த இல்லத்தின் நோக்கமல்ல. அதே காலத்தில், 1911 இல், பிறகு நோபல் சமாதானப் பரிசு பெற்ற ஜோன் மொட் அமெரிக்காவில் வெளிநாட்டு மாணவரோடு நட்புறவு வளர்க்க ஒரு குழுவை அமைத்தார். 1953 இல் பொப் ஃபின்லி என்பவர் அங்கே வெளிநாட்டு மாணவருக்கென்று தொடங்கிய கிறிஸ்தவ அமைப்பின் எண்ணம் இன்னும் நேரடியானது. சீனா போன்ற நாடுகளின் கதவு மிஷனரிமாருக்கு அடைபட்டுவிட்டது, ஆனால் அந்த நாடுகளின் பிள்ளைகள் தாங்களாகவே நம் ஊருக்குப் படிக்க வருகிறார்கள், கடல் தாண்டிப் போகத் தேவையில்லை, தெருவைத் தாண்டினால் போதும் என்பதுதான் அது. இன்று பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் மாணவர் நிறைந்த நகரங்களில் இந்த ஊழியம் நடக்கிறது.

ஆக, கடலைக் கறிக்குப் பின்னால் ஒரு ஆசை இருக்கிறது. தங்களுக்குக் கிடைத்தது மற்றவருக்கும் கிடைக்க வேண்டும் என்ற ஆசை. அதை ஒளிக்காமல் துண்டுப்பிரசுரத்தில் அச்சடித்துக் கொடுத்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை. காந்தி லண்டனில் சட்டம் படித்த நாட்களில், மரக்கறி உண்பவர்கள் தங்கும் விடுதியில் சந்தித்த மான்செஸ்டர் கிறிஸ்தவர் ஒருவர் வேதாகமத்தை வாசிக்கச் சொன்னார். பழைய ஏற்பாட்டில் தூக்கம் வந்தது, மலைப்பிரசங்கம் நேரே நெஞ்சுக்குள் போனது என்று காந்தியே எழுதியிருக்கிறார். வாசித்தார், எடுத்துக்கொண்டார், இந்துவாகவே இருந்தார். இருபத்துநாலு வயதுப் பிள்ளைக்கு இதற்குரிய புத்தி இல்லை என்று நாமே சொன்னால், பட்டம் வாங்கிக் கொடுத்ததெல்லாம் எதற்கு?

என் மகள் மாறிவிட்டாளா என்றுதான் இதை வாசிக்கிறவர்கள் கேட்பார்கள். இல்லை. மாறியிருந்தாலும் இதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பேன் என்று சொல்ல ஆசை. அவ்வளவு பெரிய மனது எனக்கு இருக்கிறதா என்று சத்தியமாகத் தெரியாது. ஒருநாள் நேரே கேட்டேன். "அம்மா, மறுகா கதைக்கிறன், பஸ் வருது" என்று வைத்துவிட்டாள். விருப்பமான மதத்தை வைத்திருக்கவும் மேற்கொள்ளவும் நம் அரசியலமைப்பின் 10 ஆவது உறுப்புரை இடம் கொடுத்திருக்கிறது. அதற்கு மேல் துருவுவது தாய்க்கும் அழகில்லை.

இனி அன்பரோடு நான் உடன்படும் பாதி.

படுவான்கரைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வேறொரு நகரத்தில் படித்தாள். என்னிடம் ரியூசன் படித்தவள், அதனால் தாய் என்னிடம் வந்து அழுதாள். நூலக வாசலில் சிரித்த முகத்தோடு இரண்டு பெண்கள் வந்து கதைத்திருக்கிறார்கள். நட்பு வட்டம் என்றார்கள், தலைமைத்துவப் பயிற்சி என்றார்கள். எந்தச் சபை, யார் நடத்துகிறார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. சில வாரம் போனபிறகுதான் வேதாகமம் வந்தது. பிறகு தனியே இருத்திப் படிப்பித்தார்கள். வீட்டுக்குச் சொல்லாதே, அவர்களுக்கு இப்போது விளங்காது என்றார்கள். ஒவ்வொரு இரவும் செய்தி வரும், இன்று என்ன பாவம் செய்தாய் என்று கேட்டு. பகுதிநேர வேலைச் சம்பளத்தில் ஒரு பங்கு கேட்டார்கள். கூட இருந்த பிள்ளைகளை விட்டுவிட்டுத் தங்கள் ஆட்களோடு வந்து இருக்கச் சொன்னார்கள். இவள் போகாமல் விட்டபோது வீட்டு வாசலுக்கே வந்து நின்றார்கள். பிள்ளை ஒரு பாடத்தில் தவறிவிட்டாள்.

அவளை இதிலிருந்து வெளியே எடுத்தது யார் தெரியுமா? அவளுடைய பல்கலைக்கழகத்தின் ஆன்மிகப் பணியகத்தில் இருந்த ஒரு அங்கிலிக்கன் போதகர். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் இப்படி ஒரு அலுவலகம் அநேகமாக இருக்கும். பல இடங்களில் எல்லா மதத்தவருக்கும் ஆள் இருப்பார்கள், தொழுகை அறை, தியான அறை இருக்கும். போதகர் அவளிடம் முதலில் சொன்னது, நீ இந்துவாகவே இருக்கலாம், இந்த ஆட்களுக்கு நீ ஒரு கணக்கும் ஒப்புவிக்கத் தேவையில்லை என்பதுதான். பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பகுதிக்கும் அவரே கூட்டிப்போனார். ஆகக் கிறிஸ்தவர் என்று எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள். பூட்டியவர்களும் அந்தப் புத்தகத்தைத்தான் வைத்திருந்தார்கள், திறந்துவிட்டவரும் அதைத்தான் வைத்திருந்தார்.

இதில் எது சரி எது பிழை என்று கிறிஸ்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 2011 ஜூனில், வத்திக்கானின் மதங்களிடை உரையாடலுக்கான சபையும், உலகத் திருச்சபைகள் மன்றமும், உலக சுவிசேஷ ஐக்கியமும் சேர்ந்து, பல மதத்தவர் வாழும் உலகில் கிறிஸ்தவ சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு ஒழுங்கை வெளியிட்டன. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் சுவிசேஷ சபையாரும் ஒரே தாளில் கையை வைப்பது லேசில் நடக்கிற காரியமில்லை. ஏமாற்றும் வற்புறுத்தலும் கூடாது, மனிதரின் வறுமையையும் தேவையையும் பயன்படுத்தி ஆதாயம் காட்டி இழுப்பதற்கு இடமில்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. நம் நாட்டுத் தமிழர், யாழ்ப்பாணத்து மெதடிஸ்த போதகர் டி. ரி. நைல்ஸ், உலக மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தில் பெரிய பொறுப்புகளில் இருந்தவர். சுவிசேஷம் சொல்வதென்பது, அப்பம் எங்கே கிடைக்கும் என்று ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சொல்வது என்ற அவருடைய வாக்கை உலகமெங்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். இடத்தைத்தான் சொல்லச் சொன்னார். கூட்டிப்போய்க் கதவைப் பூட்டச் சொல்லவில்லை.

மட்டக்களப்புச் சபைகளுக்கு நான் வைக்கும் வேண்டுகோளும் இதுதான். உங்களுக்கு அங்கேயுள்ள சபைகளோடு தொடர்பு இருக்கிறது, போக்குவரத்து இருக்கிறது. அழைப்பிதழில் சபையின் பெயரைப் போடச் சொல்லுங்கள். வேதாகமம் உண்டென்றால் உண்டென்று போடச் சொல்லுங்கள். வரமாட்டேன் என்ற பிள்ளைக்கும் அந்தப் பித்தளைச் சாவியைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்பரின் கடிதத்தில் 'விரட்ட வேண்டும்' என்றொரு சொல் வந்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் செத்த ஊர் இது. இந்த ஊரில் இருந்துகொண்டு வணக்கத்துக்குக் கூடுகிறவர்களைப் பற்றி அந்தச் சொல்லை எழுதலாமா? இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

இனி நாவலர். மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவியவர் ஆறுமுக நாவலர். பாதிரிமாரோடு அவருக்குப் பிறகு வந்த சண்டை எல்லோருக்கும் தெரியும், கண்டனங்கள் அச்சடித்தார், பிரசங்கம் செய்தார். ஆனால் அதோடு நின்றாரா? 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் திறந்தார். மிஷனரிமாரின் கையிலிருந்த கருவி என்ன என்று பார்த்தார்: பாடசாலை, அச்சுக்கூடம், பாடப்புத்தகம். அதே மூன்றையும் தானும் கையில் எடுத்தார்.

எங்கள் பக்கத்திலும் அதே கதைதான். 1814 இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்தார். ஒரு வருடம் முடியுமுன்பே, 1815 ஏப்ரலில், இந்த மண்ணிலேயே இறந்துபோனார். அந்தச் சில மாதங்களில் அவர் தொடங்கியதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. காரைதீவில் 1892 இல் பிறந்த மயில்வாகனம் கல்முனையில் மெதடிஸ்தப் பாடசாலையிலும் இங்கே புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார், மிக்கேலில் ஆசிரியராகவும் இருந்தார். அவர் வேதத்தில் சேரவில்லை, துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தரானார். ஆனதும் மிஷன் பாடசாலைகளை மூடச் சொல்லிக் கொடி பிடித்தாரா? என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், கல்லடி உப்போடையில், 1929 இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். அங்கேதான் அவருடைய சமாதியும் இருக்கிறது. அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் நான் நினைப்பதுண்டு, இந்த மனிதர் இன்று இருந்தால் பத்திரிகைக்குக் கடிதமா எழுதுவார், லண்டனில் ஒரு மாணவர் விடுதியா திறப்பார் என்று.

லண்டனில் நமக்கு என்ன குறை? ஹைகேற்றில் முருகன் இருக்கிறார், விம்பிள்டனில் பிள்ளையார் இருக்கிறார், ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன் இருக்கிறாள். ஈலிங் அம்மன் கோயில் இங்கேயுள்ள ஆதரவற்ற பிள்ளைகளுக்குச் செய்த உதவியை யாரும் மறக்க முடியாது. ஊரிலுள்ள பாடசாலை ஒவ்வொன்றுக்கும் அங்கே பழைய மாணவர் சங்கம், வருடத்துக்கொரு ஒன்றுகூடல், பாட்டு, பிரியாணி. அந்தக் காசில் இங்கே கட்டடம் எழும்புகிறது, நல்லது. ஆனால் அதே பாடசாலையில் படித்த பிள்ளை, அதே நாட்டில், ரயிலில் இரண்டு மணித்தியாலத் தூரத்தில் அறைக்குள் தனியே படுத்திருக்கிறது. சங்கத்துக்கு அது தெரியாது. பிள்ளைக்கும் சங்கத்தைத் தெரியாது. சீக்கியரின் குருத்வாராவில் நம் பிள்ளைகள் போய்ச் சாப்பிடுகிறார்கள், யாரும் பெயர்கூடக் கேட்பதில்லை. லண்டனில் சில பல்கலைக்கழக வாசலில் ஹரே கிருஷ்ணாக்காரர் மத்தியானத்தில் சோறு போடுகிறார்கள். இந்து மாணவருக்கென்று 1991 இல் தொடங்கிய தேசிய மன்றமும் பிரித்தானியாவில் இருக்கிறது, ஆனால் ஈழத்துத் தமிழ்ப் பிள்ளை அங்கே போனால் பேச்சு, பாட்டு, பண்டிகை எல்லாம் பெரும்பாலும் வடஇந்தியப் பக்கமாகவே இருக்குமென்று மகள் சொல்கிறாள்.

இதைச் சொன்னால், அங்கே எல்லோரும் நேரமில்லாமல் ஓடுகிறார்கள் ரீச்சர் என்கிறார்கள். அந்தப் பித்தளைச் சாவிக்காரருக்கு எழுபத்தைந்து வயது. மனைவிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை.

வெளிநாட்டை விடுங்கள், வந்தாறுமூலைக்குப் போய்ப் பாருங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு மலையகத்திலிருந்து வருகிறார்கள், தெற்கிலிருந்து சிங்களப் பிள்ளைகள் வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளும் எங்கேயோ ஒரு தாய்க்கு இரவு போன் எடுக்கிறார்கள். பொங்கலுக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டுச் சோறும் தயிரும் போட என்ன செலவாகிவிடும்?

அப்புறம் ஒரு யோசனை, கோயில் நிருவாகத்தாரும் பழைய மாணவர் சங்கத்தாரும் கேட்பதற்கு. பெரும்பாலும் செப்டெம்பரில்தான் அங்கே படிப்பு தொடங்குகிறது. அதற்கு முந்தி ஆடி அமாவாசை. மாமாங்கத் தீர்த்தத்துக்கு லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் சனம் வந்து நிற்கும் காலம். போகிற பிள்ளைகளும் விசாவை எதிர்பார்த்து ஊரில்தான் இருக்கும். தீர்த்தத்துக்கு அடுத்த நாள் இரண்டு தரப்பையும் ஓரிடத்தில் இருத்தி, எந்தப் பிள்ளை எந்த நகரத்துக்கு, அங்கே கிட்ட இருப்பது யார், விமான நிலையத்துக்கு யார் போவது என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினால் அரை நாள் வேலை. மெதடிஸ்த சபையாரும் கத்தோலிக்கரும் வந்தால் இன்னும் நல்லது, இதில் அனுபவம் அவர்களுக்குத்தான் கூட. வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்குப் போகாதே என்று நான் என் மகளிடம் சொல்லப்போவதில்லை. சனிக்கிழமைக்கு நம் ஆட்கள் கூப்பிடட்டும். கொப்பி நான் வாங்கித் தருகிறேன், மேசையும் என் வீட்டில் இருக்கிறது. தூக்க மட்டும் இரண்டு ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுநிலை ஆசிரியை ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.